உளவியலில் உயிரியல் அணுகுமுறை: நிறையே மிகுதி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மனத்தையும் நடத்தையையும் மூளை, மரபணு, உடலின் வேதிப்பொருள்கள் வழியாக விளக்குவதே உளவியலில் உயிரியல் அணுகுமுறை. அதனால் விளைந்தது பெரிதும் நிறையா, குறையா என்பது இன்றைய வழக்கு. நிறையே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்கினார்: அது மனிதனை நரம்பும் வேதிப்பொருளுமாகச் சுருக்குகிறது; மரபணுவே தலையெழுத்து என்கிறது; மூளையை அறுத்து மனிதர்களைக் கெடுத்த வரலாறு அதற்கு உண்டு. மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில், அதை நான் மறுக்கப் போவதில்லை.

மூளையின் முன்பகுதி இணைப்புகளைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சையை உருவாக்கிய எகாஸ் மோனிஸுக்கு 1949-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் அந்தக் கத்திக்கு ஆளானார்கள். மந்தமாகிப்போன பலரை அமைதியடைந்துவிட்டார்கள் என்று கணக்கில் எழுதினார்கள். இதற்கு வக்காலத்து வாங்க எனக்கு மனமில்லை. ஆனால், முறையான ஒப்பீட்டு ஆய்வு இல்லாமல் அவசரப்பட்ட அந்தக் கத்தியை ஓயவைத்ததில் பெரும்பங்கு 1950-களில் வந்த குளோர்புரோமசின் போன்ற மனநோய் மருந்துகளுக்கு உண்டு. அவையும் உயிரியல் வழி வந்தவையே என்பதை எதிரணி ஏனோ சொல்லாமல் விட்டது.

இனி, தலையெழுத்து என்ற குற்றச்சாட்டு. நார்வேயில் ஒரு தாய், கடுமையான அறிவு வளர்ச்சிக் குறை கொண்ட தம் இரண்டு பிள்ளைகளுக்காக மருத்துவர் மருத்துவராக அலைந்தார். பிள்ளைகளிடம் விடாத ஒரு வாடை வீசுவதை அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1934-இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தப் பிள்ளைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு என்ற வேதிப்பொருளை விட்டுப் பார்த்தார். பழுப்பாகவே இருந்திருக்க வேண்டிய நீர் கரும்பச்சையாக மாறியது. அந்தப் பச்சையைப் பின்தொடர்ந்து போனதில், புரதத்தில் உள்ள ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்க அவர்களின் உடலால் முடியவில்லை, அது தேங்கி மூளையைக் கெடுக்கிறது என்பது தெளிவாயிற்று. ஃபீனைல்கீட்டோனூரியா எனப்படும் இந்நோய் பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபணுக் குறை. எதிரணியின் கணக்குப்படி, கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1950-களில் அந்த அமிலத்தைக் குறைத்த உணவுமுறை வந்தது. 1960-களில் பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு இரத்தத்திலேயே நோயைக் கண்டறியும் சோதனை வந்தது. மரபணு மாறவில்லை, உணவு மாறியது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைப் போலப் பள்ளிக்குப் போனார்கள். காரணம் உடலில் இருக்கிறது என்று சொல்வதும் அதை மாற்ற முடியாது என்று சொல்வதும் ஒன்றல்ல, நடுவர் அவர்களே.

மரபணு பற்றி இன்னொன்று. மனச்சிதைவு நோய் ஒருவருக்கு இருந்தால், மரபணுக்கள் ஏறத்தாழ முழுவதும் ஒன்றாகவே உள்ள அவருடைய ஒத்த இரட்டையருக்கும் அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 50 விழுக்காடோ அதற்குக் குறைவோதான் என்பது இரட்டையர் ஆய்வுகள் கண்ட முடிவு. சூழலுக்கும் பங்கு உண்டு என்று எதிரணி முழங்குகிறதே, அதற்கான வலுவான சான்றுகளில் ஒன்று எங்கள் கூடாரத்திலிருந்தே போயிருக்கிறது.

அடுத்தது, சுருக்குகிறது என்ற குற்றச்சாட்டு. 1953-இல் வலிப்பு நோயை நிறுத்துவதற்காக, மூளையின் உட்புறத்தில் இரு பக்கமும் உள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிகள் பெருமளவு அகற்றப்பட்ட ஹென்றி மொலைசன், அதன் பிறகு புதிதாகச் சந்தித்தவர்களை நினைவில் வைத்துக்கொள்ள முடியாதவரானார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு நட்சத்திர வடிவத்தைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து அதன் கோடுகளுக்குள் வரையச் சொன்னார். முதல் நாள் பென்சில் மூலைக்கு மூலை தடுமாறியது. அடுத்தடுத்த நாள்களில் தவறுகள் குறைந்து, கை சரளமாக ஓடியது. அவரோ ஒவ்வொரு நாளும் இதை முதல்முறையாகச் செய்வதாகவே நினைத்தார். நினைவு என்று நாம் ஒற்றைச் சொல்லில் அழைப்பது ஒன்றல்ல, கைக்கு ஒரு நினைவும் கதைக்கு ஒரு நினைவுமாகப் பிரிந்து கிடக்கிறது என்பது அந்த நட்சத்திரத்தில் தெரிந்தது. இது சுருக்கமா, விரிவா? எத்தனை ஆண்டு உரையாடினாலும் உரையாடல் மட்டும் இதைக் காட்டியிருக்குமா?

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வுக்கு செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருளின் குறைவே காரணம் என்று சான்றை மிஞ்சிப் பலகாலம் சொன்னது தவறு. வேலை போனவரின் துயரத்துக்கு மூளைப் படம் மட்டும் விடையாகாது. 2009-இல், செத்துப்போன ஒரு சால்மன் மீனை ஸ்கேன் கருவியில் கிடத்தி, மனிதர்களின் படங்களைக் காட்டியபோது, மூளையின் பல்லாயிரம் புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிப்பதால் தற்செயலாக வரும் பொய் முடிவுகளுக்கு ஏற்பக் கணக்கைத் திருத்தாமல் விட்டால் மீனின் மூளை 'செயல்படுவது' போலத் தெரிந்தது. எதிரணி இதைச் சொல்லிச் சிரிக்கக்கூடும், சிரிக்கட்டும். அதைச் செய்து காட்டியவர்கள் மூளைப் படங்களையே தொழிலாகக் கொண்ட ஆய்வாளர்கள். தன் பிழையைத் தானே மேசையில் வைக்கும் துறையை நான் நம்புகிறேன்.

மணி அடித்துவிட்டார்கள், ஒன்றே ஒன்றைச் சொல்லி அமர்கிறேன். ஆட்டிசத்துக்குத் தாயின் அன்பில்லாமையே காரணம் என்று மனத்தை மட்டும் பார்த்தவர்கள் 1950, 60-களில் சொன்னார்கள். பிள்ளையின் நிலையோடு பழியையும் சேர்த்துச் சுமந்த தாய்மார் பலர். 1977-இல் 21 இரட்டைச் சோடிகளை ஆராய்ந்தார்கள். ஒத்த இரட்டையர் 11 சோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. சாதாரண உடன்பிறப்புகளைப் போலவே மரபணுக்களைப் பகிரும் ஒவ்வா இரட்டையர் 10 சோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. ஒரே தாயின் மடியில் ஒரே நேரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குள் இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதற்கு எதிரணி விடை சொல்லட்டும். அதைக் கேட்ட பிறகு தாங்கள் தீர்ப்பளியுங்கள். நன்றி, வணக்கம்.