ஈரம் காய்வதற்குள்

நண்பர்களே,

இத்தாலிய ஓவியம் என்றதும் நம்மில் பலருக்குச் சட்டமிட்ட படங்களே நினைவுக்கு வருகின்றன. நான் பேச வந்திருப்பது சுவரைப் பற்றி. அதிலும் ஈரமான சுவரைப் பற்றி.

ஃப்ரெஸ்கோ முறை கேட்பதற்கு எளிது. சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தைப் பூசி, அது காய்வதற்குள் தண்ணீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்ட வேண்டும். பசை கிடையாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாக இறுகும்போது வண்ணமும் அதற்குள் பிடிபட்டுவிடுகிறது. மணல் சாந்து மூன்று பூச்சு, அதன்மேல் சலவைக்கல் தூள் கலந்து மூன்று பூச்சு என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் விதியே எழுதி வைத்தார். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த ரோமானிய நகரம் பொம்பெயியின் சுவர்கள் இன்றும் நிறத்தோடு நிற்கின்றன என்றால், அதில் கொத்தனாருக்கும் பாதிப் பங்கு உண்டு.

இனி பாதுவா நகரத்துக்கு வருவோம். அங்கே ஸ்க்ரோவெஞ்ஞி என்ற பணக்காரர் கட்டிய சிற்றாலயத்தில் 1305 வாக்கில் ஓவியர் ஜொட்டோ சுவர்களைத் தீட்டி முடித்தார். (அந்தப் பணக்காரரின் தந்தையை, வட்டிக்கு விட்டவர் என்று கவிஞர் தாந்தே தன் காவியத்தில் நரகத்தில் உட்கார வைத்திருக்கிறார்.) அன்றன்று தீட்டக்கூடிய அளவுக்கே புதுச்சாந்து பூசுவார்கள். அந்தப் பகுதிக்கு ஜோர்னாத்தா, அதாவது ஒரு நாள் வேலை, என்று பெயர். சாந்தின் விளிம்புகளைக் கவனித்தால், எந்த முகத்துக்கு ஒரு முழு நாள் கொடுத்தார், எந்த வானத்தை வேகமாக முடித்தார் என்று இன்றும் கணக்கிடலாம். இறந்த இயேசுவை மடியில் ஏந்திய காட்சியில் இரண்டு பெண்கள் நமக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருக்கிறார்கள். முகமே இல்லை, துயரம் முழுவதும் அந்தக் குனிந்த தோள்களில் இருக்கிறது. என்னைக் கேட்டால், வாடிகனின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோ தீட்டிய கூரை முழுவதையும்விட இந்த இரண்டு முதுகுகள் பெரியவை. ஈரச் சுண்ணாம்போடு ஒத்துப்போகாத நீலத்தை மட்டும் ஜொட்டோ காய்ந்த சுவரில் ஏற்றினார். பல இடங்களில் உதிர்ந்திருப்பதும் அந்த நீலம்தான்.

லியொனார்டோவுக்கு இந்த அவசரம் ஒத்துவரவில்லை. மிலானில் ‘கடைசி இரவுணவை’த் தீட்டியபோது, சில நாள் விடியல் முதல் இருட்டும்வரை தூரிகையைக் கீழே வைக்கமாட்டார், சில நாள் பார்த்துக்கொண்டே நிற்பார், சில நாள் உச்சி வெயிலில் வந்து இரண்டு தீற்றல் தீட்டிவிட்டுப் போய்விடுவார். நேரில் கண்ட எழுத்தாளர் பண்டெல்லோ இப்படி எழுதியிருக்கிறார். ஈரச்சாந்து இப்படிக் காத்திருக்காது. ஆகவே லியொனார்டோ காய்ந்த சுவரில் தீட்டினார். 1498 வாக்கில் முடிந்த ஓவியம், 1566இல் ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி பார்த்தபோது வெறும் கறைகளாகத் தெரிந்தது.

தன்னைச் சிற்பி என்றே சொல்லிக்கொண்ட மைக்கேலாஞ்சலோ, 1508இல் போப் இரண்டாம் ஜூலியஸின் வற்புறுத்தலால் சிஸ்டைன் கூரையில் ஏறினார். தொடக்கத்திலேயே பூஞ்சணம் பிடித்தது. இது என் தொழில் அல்ல என்று அவர் போப்பிடம் முறையிட, சாந்தில் தண்ணீர் அதிகம் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் கட்டடக் கலைஞர் சங்கால்லோ. நான்கே ஆண்டில் கூரை முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டில் சுவரோவியத்துக்குப் பெருங்குரல் கொடுத்தவர் இத்தாலிய ஓவியர் மாரியோ சிரோனி. அவர் முசோலினியின் ஆதரவாளர். ரோம் பல்கலைக்கழகப் பேரரங்கில் 1935இல் அவர் தீட்டிய ஓவியத்தில் பாசிசச் சின்னங்கள் இருந்தன. போருக்குப் பிறகு அவற்றின்மேல் வண்ணம் பூசி மறைத்தார்கள். 2017இல் அந்தப் பூச்சை நீக்கிச் சின்னங்களோடு திறந்து வைத்தார்கள். சிலருக்குக் கோபம். நான் திறந்தவர்கள் பக்கம்: மறைத்த கையும் அந்தச் சுவரில் தீட்டியதுதான் என்றாலும், சிரோனி யாருக்காகத் தீட்டினார் என்பதை மாணவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.