முகூர்த்தத் தேதியை குறிச்சிட்டு மண்டபம் கட்டின கதை

வணக்கம்ங்க. என்னைய பேச கூப்பிட்டப்ப "மாஸ்டர், விளையாட்டு பத்தி எது வேணா பேசுங்க, கால் மணி நேரம் உங்களோடது"ன்னாங்க. நான் முப்பத்தோரு வருஷம் பி.டி. மாஸ்டரா இருந்தவன், விசில் ஊதியே பழக்கம், மைக் முன்னாடி உட்கார்ந்து பேச வராது, நடுவுல குரல் ஓங்கிப் போச்சுன்னா வால்யூமை நீங்களே கொஞ்சம் குறைச்சுக்கோங்க.

விஷயம் ஆரம்பிச்சது ஒரு டீக்கடையில. 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துலன்னு 2025 நவம்பர்ல முடிவாச்சுல்ல, அடுத்து 2036 ஒலிம்பிக்கும் எங்களுக்கே குடுங்கன்னு நம்ம நாடு கேட்டிருக்குது. அதை பேப்பர்ல படிச்சிட்டு நம்ம நண்பர் ஒருத்தர், செவ்வாய்பேட்டையில கொலுசு பட்டறை வச்சிருக்காரு, "ஏனுங்க மாஸ்டர், இந்த மாதிரி ஒண்ணு நம்ம சேலத்துக்கு வந்தா எப்படி இருக்கும், குறைஞ்சது ரோடாவது போடுவாங்கல்ல"ன்னாரு. பக்கத்துல நின்ன நாலு பேரும் ஆமா ஆமான்னு தலையாட்டுனாங்க. நான் மட்டும் வேண்டவே வேண்டாம்னேன். விளையாட்டு வாத்தியாரே இப்படி சொல்றாரேன்னு எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பார்த்தாங்க. அன்னைக்கு டீ ஆறிப் போனதுனால பாதியில விட்டுட்டேன், மீதியை இங்க சொல்லிடறேன்.

நம்ம வீட்ல ஒரு கல்யாணம்னா என்னங்க பண்றோம். மண்டபத்தை வாடகைக்கு எடுக்கறோம். ரெண்டு நாள் கூத்துக்கு யாராச்சும் மண்டபமே கட்டுவாங்களா, அதுவும் முகூர்த்தத் தேதியை குறிச்சு பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் குடுத்துட்டு, அதுக்கப்புறம் அஸ்திவாரம் தோண்டுனா என்ன ஆகும், கொத்தனார் சொன்னது கூலி, செங்கல்காரர் சொன்னது விலை, நம்மால மூச்சு விட முடியாது, ஏன்னா தேதியை மாத்த முடியாதுன்னு அவங்க எல்லாருக்கும் தெரியும். பெரிய போட்டியை எடுத்து நடத்தற ஊருக்கு நடக்கறது இதேதான். ஊழல் ஊழல்னு எல்லாரும் பேசறாங்க, அது இருக்குதுதான், ஆனா யோக்கியமான ஆளுங்களே உட்கார்ந்து நடத்துனாலும் அந்தத் தேதி இருக்குது பாருங்க, அது கழுத்துல கயிறு மாதிரி.

டெல்லியை எடுத்துக்கோங்க. 2010 காமன்வெல்த் போட்டி டெல்லிக்குன்னு 2003லேயே முடிவாயிடுச்சு. ஏழு வருஷம். முதல் சில வருஷத்தை சும்மா போக்கிட்டு கடைசியில அவசரம் அவசரம்னு டெண்டர் விதியெல்லாம் ஓரமா வச்சிட்டு வேலையைக் கொடுத்தாங்கன்னு நான் சொல்லலீங்க, மத்திய தணிக்கைத் துறை சிஏஜி 2011ல கொடுத்த அறிக்கையே சொல்லுது. எல்லாத் துறையும் சேர்ந்து செலவழிச்சது 18,000 கோடிக்கு மேல. போட்டி அக்டோபர் 3ந் தேதி, செப்டம்பர் 21ந் தேதி மெயின் ஸ்டேடியத்துக்குப் பக்கத்துல கட்டிட்டிருந்த நடைபாலம் இடிஞ்சு விழுந்துச்சு, வேலை செஞ்சிட்டிருந்த கூலிக்காரங்கதான் அடிபட்டாங்க. இன்னொண்ணு சொன்னா மனசு கஷ்டமா இருக்கும், பட்டியல் சாதி மக்களுக்குன்னு ஒதுக்குன சிறப்புக்கூறு நிதியில இருந்து நூத்துக்கணக்கான கோடியை இந்தப் போட்டி வேலைக்கு திருப்பி விட்டிருந்தாங்க, அது பாராளுமன்றத்துலயே பெரிய பிரச்சனையாச்சு. மண்டபம் கட்ற அவசரத்துல யார் வீட்டு உண்டியலை உடைச்சாங்கன்னு பார்த்தீங்களா.

இதுல சம்மந்தி வீட்டு கண்டிஷன் வேற இருக்குதுங்க. ஒலிம்பிக்னா டிவி உரிமை ஒலிம்பிக் கமிட்டி கையில, அதுல இருந்து ஒரு பங்குதான் ஊருக்கு வரும், நஷ்டம் வந்தா மொத்தமும் நடத்தற ஊர் தலையில, அப்படித்தான் ஒப்பந்தத்துலயே எழுதி கையெழுத்து வாங்கிடறாங்க.

கனடாவுல மான்ட்ரியல்னு ஒரு ஊர், 1976ல ஒலிம்பிக் நடத்துச்சு. அந்த ஊர் மேயர் ஜான் டிராப்போ முன்கூட்டியே ஒரு டயலாக் விட்டாரு, ஆம்பளைக்கு எப்படி பிள்ளை பிறக்காதோ அப்படி ஒலிம்பிக்ல நஷ்டமும் வராதுன்னு. பின்னாடி ஒரு கார்ட்டூனிஸ்ட் அந்த மேயரையே வயித்துப் பிள்ளையோட வரைஞ்சிட்டாப்ல. போட்டி நடந்தப்ப ஸ்டேடியத்துக்கு கூரையே முடியல, கோபுரம் பாதியில நின்னுச்சு. கடனை அடைக்க சிகரெட் மேல தனி வரி போட்டாங்க, அந்தக் கடன் எப்ப தீர்ந்துச்சு தெரியுங்களா, 2006ல. முப்பது வருஷம். போட்டி நடந்தப்ப பிறக்காத பையன் வளர்ந்து பெரியவனாகி சிகரெட் பத்த வச்சு அந்தக் கடனை கட்டியிருக்கான். அதோட விட்டுச்சான்னா இல்ல, 2024ல மறுபடியும் அதே ஸ்டேடியத்துக்கு கூரை மாத்த 87 கோடி கனடா டாலர்னு அரசாங்கம் அறிவிச்சுது.

ஏதென்ஸ் கதை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், 2004 ஒலிம்பிக்குக்குக் கட்டின மைதானங்கள்ல பல இடத்துல புல்லு முளைச்சுக் கிடக்கற போட்டோவை வாட்ஸ்அப்ல யாராச்சும் அனுப்பியிருப்பாங்க, அதைத் தாண்டிப் போயிடலாம்.

நான் ஏன் இதுல இவ்வளவு பிடிவாதமா இருக்கேன்னா எனக்கு ஒரு அனுபவம் இருக்குதுங்க. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி எங்க ஸ்கூல் கிரவுண்டுல ஒரு பெரிய விழா வச்சாங்க, எந்த விழா யாரு நடத்துனாங்கங்கறதெல்லாம் வேண்டாம். விழா ஒரு நாள்தான், ஆனா கிரவுண்டை பூட்டினது இருபது நாளைக்கு மேல. பசங்க கேட்டுக்கு வெளியில ரோட்டு ஓரமா ஓடிட்டு இருந்தாங்க. விழா முடிஞ்சு பந்தலைப் பிரிச்சிட்டுப் போனாங்க, பந்தக்கால் குழியை யாரும் மூடல. லாரி டயர் தடம் வேற ட்ராக் நெடுக முழங்கால் ஆழத்துக்கு காஞ்சு இறுகிக் கிடந்துச்சு. ரெண்டாவது நாளே எயிட்த் படிக்கற பொண்ணு ஒண்ணு, நானூறு மீட்டர்ல ஜில்லா லெவல்ல நிச்சயம் வந்திருக்க வேண்டிய பொண்ணு, இருட்டு பிரியாத நேரத்துல குழியில கால விட்டு கணுக்கால் பிசகிடுச்சு. அந்த சீசன் அதோட போச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் பன்னெண்டு பசங்களும் கடப்பாரையும் சட்டியும் எடுத்துட்டுப் போயி ஒவ்வொரு குழியா மண்ணைக் கொட்டி மிதிச்சு மூடுனோம், எண்ணுனேன், நூத்திப் பதினாலு குழி. விழா மேடையில யாரோ "விளையாட்டை வளர்ப்போம்"னு பேசினாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு. நான் அப்ப உள்ள போகவே இல்ல, எனக்கு பாஸ் கொடுக்கல.

ஒரு நாள் விழாவுக்கே இந்தக் கதின்னா.

அடுத்தது நம்ம தட்டுவடை செட் விஷயத்துக்கு வரேன், சேலத்துக்காரன் எதைப் பேசினாலும் கடைசியில அங்கதான வந்து நிப்பான். சாயந்திரம் ஆச்சுன்னா தள்ளுவண்டியில அந்த சின்ன தட்டுவடை மேல சிவப்பு சட்னியும் பச்சை சட்னியும் தடவி, துருவின பீட்ரூட் கேரட் வெங்காயம் வச்சு, மேல இன்னொரு தட்டுவடையை மூடி நீட்டுவாங்க பாருங்க. இங்க ஒரு உலகப் போட்டி வருதுன்னு வைங்க, ஸ்டேடியத்தை சுத்தி முதல்ல காணாமப் போறது அந்த வண்டிங்கதான். நான் கற்பனையா சொல்லல. பிரேசில்ல சால்வடார்னு ஒரு ஊரு, அங்க அக்கராஜேன்னு ஒரு பலகாரம், நம்ம தட்டைப்பயறு மாதிரி ஒரு பயறை ஊற வச்சு அரைச்சு பனை எண்ணெயில பொரிச்சு எடுக்கற வடை. வெள்ளை பாவாடை, தலையில வெள்ளைத் துணி சுத்திட்டு பொம்பளைங்க தெருவுல உட்கார்ந்து காலங்காலமா விக்கறாங்க, ஸ்டேடியத்துலயும் அவங்கதான் விப்பாங்க. 2014 ஃபுட்பால் உலகக் கோப்பை வருதுன்னதும், ஸ்டேடியத்தை சுத்தி ஸ்பான்சர் கம்பெனி சரக்கைத் தவிர வேற வியாபாரம் கூடாதுங்கற விதி வந்து நின்னுச்சு. அந்தப் பொம்பளைங்க சும்மா விடல, கையெழுத்து வாங்கி, போராட்டம் பண்ணி கடைசியில ஸ்டேடியம் வளாகத்துல விக்க அனுமதி வாங்கிட்டாங்க, ஆனா ஒரு சிலருக்குத்தான் கிடைச்சுது. சொந்த ஊர்ல சொந்த வடையை விக்க யாரோ ஒரு சங்கத்துக்கிட்ட அனுமதி கேட்கணுமாமா. இதே பிரேசில்ல ஸ்டேடியத்துக்குள்ள மது விக்கக் கூடாதுன்னு இருந்த சட்டத்தை உலகக் கோப்பைக்காகவே தளர்த்துனாங்க, பீர் கம்பெனி ஸ்பான்சர் ஆச்சே. வடைக்கு தடை, பீருக்கு வழி.

சரி மாஸ்டர், நம்ம மாரியப்பன் தங்கவேலு மாதிரி ஆளுங்க வரணும்னா போட்டி எங்கயாச்சும் நடக்கணுமில்லன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விங்க. பெரியவடகம்பட்டி பையன் 2016ல ரியோ பாராலிம்பிக்ல 1.89 மீட்டர் உயரம் தாண்டி தங்கம் வாங்கினப்ப நான் வீட்ல உட்கார்ந்து அழுதவன், பொய் சொல்லல. அப்புறம் டோக்கியோவுல வெள்ளி, பாரிஸ்ல வெண்கலம். ஆனா அந்த ரியோவுல அப்ப என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. ஒலிம்பிக்குக்கு முன்னாடி ஜூன் மாசமே அந்த மாநில அரசாங்கம் கஜானா காலின்னு நிதி நெருக்கடி அறிவிச்சிடுச்சு, போலீஸ்காரங்க சம்பளம் வரலன்னு ஏர்போர்ட்டுல "நரகத்துக்கு நல்வரவு"ன்னு பேனர் பிடிச்சு நின்னாங்க. ஒலிம்பிக் முடிஞ்சப்ப பாராலிம்பிக் நடத்த காசு பத்தல, வெட்டிச் சுருக்கி நடத்துனாங்க, நாடுகளுக்கு கொடுக்க வேண்டிய பயணக் காசே லேட்டாச்சு. பந்தியில கடைசி வரிசையில உட்கார்ந்தவங்களுக்கு சாம்பார் தீர்ந்து போன கதை, அந்தக் கடைசி வரிசையிலதான் நம்ம ஊர் பையன் இருந்தாப்ல. அவரு தங்கம் வாங்கினது ரியோ ஸ்டேடியம் பெரிசா இருந்ததுனால இல்லீங்க, இங்க ஸ்கூல்ல ஒரு பி.டி. வாத்தியார் கண்ணுல பட்டதுனால. நம்ம ஜாதிக்காரன்ங்கறதுக்காக சொல்லல, வாத்தியார் ஜாதியை சொல்றேன்.

கிரிக்கெட் நடராஜனை பாருங்க, சின்னப்பம்பட்டியில தன் ஊர்லயே ஒரு கிரவுண்டு போட்டு 2023ல திறந்தாப்ல. மண்டபம் கட்டினாலும் அப்படிக் கட்டணும், தினமும் விளக்கு எரியற மாதிரி.

போன மாசம் ஒருத்தர், படிச்சவர்தான், ஏற்காட்டுல உலக லெவல் சைக்கிள் ரேஸ் வைக்கலாம் மாஸ்டர், இருபது கொண்டை ஊசி வளைவு இருக்குதேன்னாரு. ஏனுங்க, மே மாசம் கோடை விழாவுக்கு மலர்க் கண்காட்சி வைக்கறப்பவே அடிவாரத்துல வண்டி எப்படி நிக்குதுன்னு பார்த்திருக்கீங்களா, அடிவாரம் வழியா ஏறு, குப்பனூர் வழியா இறங்குன்னு ஒருவழிப் பாதையாக்கியும் மூச்சு முட்டுது. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழையில மலைப் பாதையில மண்ணு சரிஞ்சு ரோடே அடைஞ்சுது. அந்த மலையை இன்னும் அகலமா வெட்டுனா அடுத்த மழைக்கு யாரு பொறுப்பு. அமெரிக்காவுல டென்வர்னு மலை ஓரத்து ஊரு, அதுக்கு 1976 குளிர்கால ஒலிம்பிக்கை கொடுத்தே முடிச்சிட்டாங்க, ஆனா கொலராடோ மாநிலத்து ஜனங்க 1972ல ஓட்டுப் போட்டு எங்க வரிப்பணத்தை இதுக்குத் தர மாட்டோம், மலையை சீரழிக்க வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. போட்டி நின்னு போச்சா, இல்ல, ஆஸ்திரியாவுல இன்ஸ்ப்ரூக்குங்கற ஊர்ல நடந்துச்சு, அங்க 1964ல நடத்தின ஏற்பாடெல்லாம் ஏற்கனவே இருந்துச்சு. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு. இருக்கற இடத்துல நடத்து. லாஸ் ஏஞ்சல்ஸ் 1984ல அப்படித்தான், 1932ல ஓடின ஸ்டேடியத்துலயே மறுபடி ஓடவிட்டாங்க, அப்ப வேற ஊரு எதுவும் போட்டிக்கு வராததுனால கண்டிஷனையும் அவங்களே போட்டாங்க, 20 கோடி டாலருக்கு மேல மிச்சமாச்சு.

மாமல்லபுரத்துல 2022ல செஸ் ஒலிம்பியாட் நடந்துச்சே, ஒரு ஹோட்டல் வளாகத்துல பலகையைப் போட்டு விளையாடிட்டுப் போனாங்க, அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நேப்பியர் பாலத்துக்கு செஸ் கட்டம் பெயிண்ட் அடிச்சது மட்டும் கொஞ்சம் ஓவருங்க, ஆனா பசங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு.

கூட்டம் கூடறதே தப்புன்னு சொல்ற கிழவன்னு என்னை நினைச்சுக்காதீங்க. ஆடி மாசம் நம்ம சேலம் குகைப் பகுதியில வண்டி வேடிக்கை பார்க்க இன்னைக்கும் நான் ரோட்டு ஓரமா நிக்கறவன். சாமி வேஷம் கட்டி ஜோடிச்ச வண்டியில உட்கார்ந்து வருவாங்க, தெருத்தெருவா வசூல் பண்ணி ஊரே சேர்ந்து செய்யறது, மறுநாள் காலையில ஜோடனையைப் பிரிச்சு வண்டியை வண்டிக்காரர்கிட்ட விட்டுடறாங்க. மிச்சம் எதுவும் கடனா நிக்கறதில்ல.

இதையெல்லாம் நேத்து சாயந்திரம் அந்தக் கொலுசுப் பட்டறை நண்பர்கிட்ட ஒரு ஒத்திகை மாதிரி சொல்லிப் பார்த்தேன். பொறுமையா கேட்டாரு. கேட்டுட்டு, "நீங்க சொல்றதெல்லாம் சரிங்க மாஸ்டர், ரோடு வேணும்னா ரோட்டைத்தான் கேட்கணும், அதுக்கு எதுக்கு ஒலிம்பிக். ஆனா பதினஞ்சு வருஷமா எங்க தெருவுல ரோட்டைத்தான கேட்டுட்டு இருக்கறோம்"னாரு.

என்கிட்ட பதில் இல்லீங்க. டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

வணக்கம்.