திரவத்துக்குள் துளை இருக்க முடியுமா?

(காட்சி: வேலூர், பாலாற்றுப் பாலம். கீழே வெறும் மணல், முள்செடி, மேயும் மாடுகள்.)

பாலாறு என்றதும் வேலூர்க்காரர்களுக்கு மணல்தான் நினைவுக்கு வரும். அதில் ஒரு டம்ளர் அள்ளி வந்திருக்கிறேன். லாரியில் அல்ல, டம்ளரில்தான், பயப்படாதீர்கள்.

டம்ளர் விளிம்புவரை மணல். இப்போது தண்ணீர் ஊற்றுகிறேன். எவ்வளவு உள்வாங்குகிறது பாருங்கள்! மணலோ இம்மியும் உயரவில்லை. வறண்ட ஆற்றில் ஊற்று தோண்டினால் தண்ணீர் கசிவதும் இந்த இடுக்குகளால்தான்.

அடுத்த டம்ளரில் நல்லெண்ணெய். இதில் ஒரு துளை போடுங்கள், பார்க்கலாம். விரலை எடுத்த நொடியே மூடிக்கொள்கிறது. திரவத்தில் மூலக்கூறுகள் ஓயாமல் இடம் மாறுவதால் எந்த இடுக்கும் நிலைப்பதில்லை.

2007இல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் ஜேம்ஸ் குழு ஒரு யோசனையை முன்வைத்தது. துளையை மூலக்கூறுகளுக்கு இடையில் ஏன் தேட வேண்டும்? மூலக்கூறுக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன?

(காட்சி: காட்பாடி அருகே ஒரு வீட்டு வாசல். கவிழ்த்த பஞ்சாரம்.)

இந்தப் பஞ்சாரத்தைக் கவனியுங்கள். மூங்கில் இடைவெளியில் குஞ்சு நுழைந்து வெளியேறுகிறது. தாய்க்கோழியால் முடியவில்லை, முட்டி மோதிவிட்டுத் திரும்புகிறது.

கூண்டு மூலக்கூறும் இப்படித்தான். ஆல்டிஹைடு, டைஅமீன் என்று இரண்டு வகைக் கரிமச் சேர்மங்கள். நான்கு ஆல்டிஹைடு துண்டுகளும் ஆறு டைஅமீன் துண்டுகளும் தாமாகவே கூடிக் கூண்டாகின்றன. உள்ளே இருக்கும் காலியிடம் சுமார் அரை நானோமீட்டர். ஆனால் இது பொடி. திரவமாக வேண்டுமானால் கரைக்க வேண்டும். சாதாரணக் கரைப்பானில் கரைத்தால் அதுவே உள்ளே புகுந்து இடத்தை அடைத்துவிடும். அப்புறம் துளை ஏது?

ஆகவே கூண்டின் வாசலில் நுழைய முடியாத பருத்த கரைப்பான் தேவைப்பட்டது. கிரவுன் ஈதர் என்ற வளைய மூலக்கூறைத் தேர்ந்தெடுத்தார்கள். கூண்டின் வெளிப்புறத்திலும் அதே வளையங்களை ஒட்டினார்கள். இனம் இனத்தோடு சேரும் அல்லவா? பன்னிரண்டு கரைப்பான் மூலக்கூறுகளுக்கு ஒரு கூண்டு என்ற அளவில் கரைந்தது. கரைப்பான் கோழி வெளியே நிற்க, மீத்தேன் குஞ்சு உள்ளே போனது. வெறும் கரைப்பானைப் போல எட்டு மடங்கு மீத்தேன் கரைந்தது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ கூப்பர் குழுவும் சேர்ந்து செய்த இந்த ஆய்வு 2015இல் நேச்சர் இதழில் வந்தது.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கூண்டைச் செய்ய ஆறு படிகள், திரவமும் கொழகொழப்பு. அதே ஆய்வில் இன்னொரு வழியும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான். இரண்டு வகை டைஅமீன்களை ஒன்றாகக் கொட்டிக் கலந்தார்கள். ஒரே படியில் விதவிதமான கூண்டுகள் கிடைத்தன. ஒரே அளவு டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்று அழகாக அடுக்கலாம். விதவிதமான சீர்வரிசைப் பாத்திரங்களை அப்படி அடுக்க முடியுமா? அதுபோல ஒழுங்காக அடுக்க முடியாத கூண்டுகள் எளிதில் படிகமாகாமல் தாராளமாகக் கரைந்தன.

துளை உண்மையிலேயே இருக்கிறதா? இந்தத் திரவத்தில் செனான் வாயுவை நிரப்பிக் குளோரோஃபார்ம் சேர்த்தார்கள். குளோரோஃபார்ம் கூண்டுக்குள் நுழையும் அளவுக்குச் சிறியது. அது உள்ளே போக, செனான் வெளியேறியது. இடம் இருந்தால்தானே ஒருவர் வந்து இன்னொருவரைக் கிளப்ப முடியும்?

மணலைக் குழாயில் ஓட்ட முடியாது, இதை ஓட்டலாம். வாயுக்களைப் பிரிக்கும் ஆலைகளுக்கு இதன்மேல் கண் இருப்பது அதனால்தான். ஆனால் இரண்டாவது வழியில் பயன்பட்ட கரைப்பான் ஹெக்ஸாகுளோரோபுரோப்பீன். வீட்டு மேசையில் வைக்கும் பொருள் அல்ல அது. அதனால்தான் இந்த வீடியோவில் நல்லெண்ணெய்.