30-க்கு 0: பந்தைப் பறிக்காமலே ஓர் அணியை முடக்கிய கதை

[திரையில்: விடிவதற்கு முந்தைய கடற்கரை. இருட்டில் ஒரு கைபேசியின் ஒளி மட்டும் தெரிகிறது.]

ஆட்டம் 23-க்கு 23 என்று சமநிலையில் நிற்கிறது. இடைவேளைக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. அங்கிருந்து ஏறக்குறைய ஒன்பது நிமிட ஆட்டநேரம் கழித்துப் புள்ளிப் பலகையைப் பார்த்தால், 53-க்கு 23. ஒரு பக்கம் 30 புள்ளிகள் ஏறியிருக்கின்றன. மறுபக்கம், எதிரணியின் தவறுக்காகத் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோகூட ஒன்று விழவில்லை. ஆடியவர்கள் பள்ளிச் சிறுவர்கள் அல்லர். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியப் போட்டியில் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்துவிட்ட இரண்டு பெரிய அணிகள்.

2024 மார்ச் 30, சனிக்கிழமை மாலை, பாஸ்டன் நகரின் டிடி கார்டன் அரங்கம். யூகான் என்று சுருக்கி அழைக்கப்படும் கனெக்டிகட் பல்கலைக்கழக அணி, இல்லினாய் பல்கலைக்கழக அணியை 77-க்கு 52 என்று வீழ்த்தியது. அங்கே மாலை என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை, அதுவும் ஈஸ்டர் ஞாயிறு. தங்கச்சிமடத்தில் நள்ளிரவுத் திருப்பலி முடிந்த பிறகு வீட்டுக்குப் போக மனமில்லாமல் கரையிலேயே உட்கார்ந்துவிட்ட நாங்கள் ஐந்து பேர், ஒரே கைபேசியை ஒரு மீன்கூடையின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தைப் பார்த்தோம். ஆறாவதாக வந்து அமர்ந்தவர் என் பெரியப்பா. நாற்பது வருடங்கள் கரைவலை இழுத்தவர்; கூடைப்பந்து விதி ஒன்றுகூட அறியாதவர். அவரால்தான் இந்த வீடியோவே உருவானது.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் ஒரே ஓர் எண்ணைத்தான் சொல்லுவார்கள்: 19-க்கு 0. யூகானின் நடு ஆட்டக்காரர் டோனோவன் கிளிங்கன் கையை உயர்த்தி எதிர்கொண்ட 19 எறிதல்களில் ஒன்றுகூடக் கூடைக்குள் விழவில்லை. கேட்டதும் புல்லரிக்கிற எண்தான், மறுக்கவில்லை. ஆனால் யூகானின் தடுப்பாட்டத்தை அளக்க இதைவிட நம்பகமான இன்னோர் எண் இருக்கிறது. அது 7. அந்த 7 எங்கிருந்து வந்தது என்பது இந்த வீடியோவின் கடைசியில் வரும், அதுவரை பொறுத்திருங்கள்.

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படம், மூன்று நொடிகள்.]

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன்: 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் பீச் பழக்கூடையை அடித்து வைத்துத் தொடங்கிய ஆட்டம் இது, சென்னையில் 1920-இல் ஹாரி குரோ பக் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, இதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களைப் பல தலைமுறைகளாக உருவாக்கி வருகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஓர் அணி 25 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்ததும் ரசிகர்கள் முதலில் சொல்வது, "என்னா டிஃபென்ஸ்!" என்பதுதான். வித்தியாசம் பெரிதாக இருப்பதால் தடுப்பாட்டம் சிறப்பாக இருந்தது என்று முடிவு கட்டுவது, சந்தையில் மீன் குறைவாக வந்திருப்பதால் கடலில் மீனே இல்லை என்று சொல்வதைப் போன்றது. வேகமாக ஆடும் அணிக்குப் பந்து கைக்கு வரும் தடவைகள் அதிகம், மெதுவாக ஆடும் அணிக்குக் குறைவு; அதனால் விட்டுக்கொடுத்த புள்ளிகளை அப்படியே ஒப்பிடக் கூடாது, நூறு தடவை பந்து கைக்கு வந்தால் எத்தனை புள்ளி என்று கணக்கிட வேண்டும். இது எல்லோரும் சொல்வதுதான். நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி: காற்று.

ஆம், காற்றுதான். இராமநாதபுரம் கடற்கரையில் திறந்தவெளி சிமெண்ட் தரையில் கூடைப்பந்து ஆடிய எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து (அங்கிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) எறிந்த பந்து பாதி வழியில் மனம் மாறிவிடும். காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் தானாகவே சிவப்பு விளக்கு விழும் ஏற்பாடு பழைய பாம்பன் ரயில் பாலத்தில் இருந்தது. ரயிலையே நிறுத்துகிற காற்றில் நின்றுகொண்டு எங்கள் ஊர்க் கல்லூரி மாணவர்கள் மூன்று புள்ளிக்கு முயல்வார்கள். எதிரணி எறிந்த பத்துப் பந்தும் வெளியே போனால், தடுத்தது நம் ஆட்டக்காரரா, கச்சானா?

உள்ளரங்கில் காற்று இல்லை. ஆனால் அதிர்ஷ்டம் என்ற காற்று அங்கேயும் வீசுகிறது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் புள்ளிவிவரங்களைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து வரும் கென் பொமராய் இதைத்தான் வற்புறுத்துகிறார். எதிரணியின் மூன்று புள்ளி எறிதல்களில் எத்தனை உள்ளே விழுகின்றன என்பது தடுப்பாட்டக்காரரின் கையில் பெரும்பாலும் இல்லை. எத்தனை எறிதல்களுக்கு இடம் கொடுக்கிறோம் என்பதே அவர் கையில் இருக்கிறது. ஃப்ரீ த்ரோவைச் சொல்லவே வேண்டாம். அதைத் தடுக்க யாரும் கையைக்கூட உயர்த்த முடியாது.

வர்ஜீனியா அணியைக் கேட்டுப் பாருங்கள். 2018-இல் நாட்டிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி அது. தேசியப் போட்டிக்குத் தரவரிசையின் முதல் இடத்தோடு வந்து, பதினாறு அணிகள் கொண்ட தன் பிரிவில் கடைசியான பதினாறாம் இடத்து யூ.எம்.பி.சி. அணியிடம் 74-க்கு 54 என்று தோற்றது. ஆண்கள் போட்டியில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. இடைவேளையில் 21-க்கு 21. அடுத்த பாதியில் மட்டும் எதிரணி 53 புள்ளிகள் எடுத்தது. மூன்று புள்ளிக்கு எறிந்த 24-இல் 12 உள்ளே விழுந்தன. ஒரு வருட உழைப்பு ஓர் இரவுக் காற்றில் போயிற்று. மறு ஆண்டு அதே வர்ஜீனியா கோப்பையை வென்றது.

[திரையில்: கரைவலை இழுக்கும் காட்சி. இரண்டு வரிசையாக ஆட்கள், நடுவே விரியும் அரைவட்டம்.]

இப்போது நான் சொல்ல ஆசைப்பட்ட பகுதி. இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன், மன்னித்துவிடுங்கள்.

முப்பதுக்குப் பூஜ்யம் ஓடிக்கொண்டிருந்தபோது பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "அந்த நெட்டையன் ஏன்டா நின்ன எடத்தவிட்டு நகரவே மாட்டேங்குறான்?" என்பது. நெட்டையன் என்றது ஏழடி இரண்டங்குல கிளிங்கனை. நாங்கள் சிரித்தோம். ஆனால் அவர் இரண்டாவதாகக் கேட்டது சிரிக்கும்படி இல்லை: "முன்னால போறவன் அவன்கிட்டயே போய்ப் போய் விழுறானே, யாரு வெரட்டுறது?"

கரைவலையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். வலையின் ஒரு பக்கக் கயிற்றைக் கரையில் ஆட்களிடம் கொடுத்துவிட்டு, வள்ளம் கடலுக்குள் அரைவட்டம் அடித்து, மறுபக்கக் கயிற்றைத் தொலைவில் இன்னொரு கூட்டத்திடம் கொண்டுவந்து சேர்க்கும். இரண்டு கூட்டமும் இழுக்க இழுக்க, இருபக்கக் கயிறுகளும் ஒன்றையொன்று நெருங்கி வரும். வலையின் நடுவில் பை போலத் தொங்குவது மடி. மடியின் கண்ணி மிகச் சிறியது. காரலும் சூடையும்கூடத் தப்பாது. ஆனால் மடிக்கு இருபுறமும் நீளும் கைகளின் கண்ணி பெரியது. மீன் நினைத்தால் அந்தக் கண்ணிக்குள் புகுந்து தாராளமாக வெளியேறிவிடலாம். அதற்கும் அப்பால் வெறும் கயிறுதான். அதில் கண்ணியே கிடையாது.

பிறகு ஏன் மீன் தப்புவதில்லை? கயிற்றில் இடைவெளி விட்டுப் பனையோலைக் கீற்றுகளைச் செருகியிருப்பார்கள். தண்ணீருக்குள் ஓலை அசைவதைக் கண்டு மீன் மிரளும். மிரண்ட மீன் பக்கவாட்டில் போகாது, நடுவே ஒதுங்கும். ஓலை ஒரு மீனையும் பிடிப்பதில்லை. ஓலை இல்லாவிட்டால் மடிக்குள் வந்து சேரும் மீனும் குறைவு.

எங்கள் கரையில் சிறு வயதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஓலை செருகுவதுதான். கீற்றின் காம்பைக் கயிற்றின் முறுக்குக்குள் நுழைத்து, முறுக்கு மறுபடி இறுகும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஈரக்கயிறு நகத்துக்கடியில் வெட்டும். பிடிபட்ட மீனைக் கூறு வைக்கும்போது ஓலை செருகிய பையனை யாரும் புகழமாட்டார்கள்.

யூகானின் ஓலை, ஸ்டெஃபான் காசில். அப்போது முதலாண்டு மாணவர். அவர் காவல் காத்தது இல்லினாயின் முதன்மை ஆட்டக்காரர் டெரன்ஸ் ஷனனை. முந்தைய ஆட்டத்தில், தடுப்பாட்டத்துக்கே பேர் போன அயோவா ஸ்டேட் அணிக்கு எதிராக 29 புள்ளிகள் குவித்துவிட்டு வந்தவர் ஷனன். தன்னைக் காப்பவரை மறிக்கச் சகா ஒருவரை மறைப்பாக நிறுத்திவிட்டு அவர் உள்ளே பாயும்போது, காசில் அந்த மறைப்பைச் சுற்றிக்கொண்டு ஷனனின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே ஓடுகிறார். பந்தைத் தட்டிப் பறிக்க அவர் அவசரப்படுவதில்லை. பின்னால் ஆள் இருப்பதால் நின்று எறியவும் முடியாது. பக்கத்துச் சகாக்களை வேறு ஆட்டக்காரர்கள் விடாமல் ஒட்டி நிற்பதால் பந்தைக் கொடுக்கவும் இடமில்லை. திறந்திருக்கும் ஒரே வழி நேராக நடுவே போவது. அந்த வழியின் முடிவில் கையை உயர்த்திக்கொண்டு நிற்பது யார்? மடி.

கிளிங்கன் நகராமல் நிற்பதற்கு விதியும் துணை நிற்கிறது. தொழில்முறை என்.பி.ஏ. ஆட்டத்தில், தான் காக்கும் ஆள் அருகில் இல்லாமல் மூன்று நொடிக்கு மேல் தடுப்பாட்டக்காரர் கூடைக்கு முன்னால் உள்ள கட்டத்துக்குள் நிற்கக் கூடாது. கல்லூரி ஆட்டத்தில் அப்படித் தடை இல்லை. நம் ஊரில் பின்பற்றப்படும், சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதியிலும் இல்லை. எனவே உங்கள் கல்லூரி அணியில் ஒரு நெட்டையன் இருந்தால், அவரை ஓடவிட்டு இளைக்க வைக்காதீர்கள்.

அன்று ஷனன் 12 தடவை முயன்று இரண்டே தடவை கூடையில் போட்டார். மொத்தம் 8 புள்ளிகள். கிளிங்கனுக்கு 22 புள்ளிகள், 10 ரீபவுண்ட் (தவறிய எறிதலின் பந்தைப் பிடித்தது), 5 பிளாக் (எறிந்த பந்தைக் கையால் தடுத்தது), 3 ஸ்டீல் (பந்தைப் பறித்தது). மறுநாள் எல்லா இடத்திலும் கிளிங்கனின் படம்தான். காசிலைப் பற்றி ஒரு வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஓலை செருகிய பையன் என்ற முறையில் எனக்கு இதில் சொந்த மனத்தாங்கல் உண்டு. சந்தா பொத்தானை அழுத்தாமலே நழுவுகிற நேயர்களுக்கும் ஓலை கட்டலாமா என்று இங்கே யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

[திரையில்: 19-க்கு 0 என்ற எண். மெல்ல மங்குகிறது.]

இப்போது அந்த 19-க்கு 0-வைத் திரும்பப் பாருங்கள். என் கணிப்பில் அதில் ஒரு பங்கு கிளிங்கன், ஒரு பங்கு காசில், ஒரு பங்கு வெறும் கச்சான். அன்று இல்லினாய் எறிந்தவற்றில் நூற்றுக்கு 25 சொச்சம்தான் விழுந்தது. அந்த அணியின் தரத்துக்கு இது இயல்பான நாளே அல்ல. எவ்வளவு உயரமான ஆள் எதிரே நின்றாலும் பத்தொன்பதில் நாலைந்தாவது கூடைக்குப் பின்னால் உள்ள பலகையில் பட்டு உள்ளே விழுந்திருக்க வேண்டும். மறுநாள் அதே ஆட்டத்தை ஆடச் சொன்னால் பூஜ்யம் திரும்ப வராது. அதனால்தான், இந்த ஆட்டத்தை மட்டும் வைத்து யூகானை மெச்சியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சான்று ஒன்பது நாள் கழித்து வந்தது.

ஏப்ரல் 8, இறுதி ஆட்டம். நமக்குச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. எதிரே பர்டியூ. நடுவில் நிற்பவர் ஏழடி நான்கங்குல சாக் ஈடி. அவரைச் சுற்றி, மூன்று புள்ளி எறிதலில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போடுகிற ஆட்கள். ஈடியை இரண்டு பேர் சூழ்ந்தால் பந்து வெளியே போகும், மூன்று விழும். ஒருவர் மட்டும் காத்தால் ஈடியே போடுவார், இரண்டு விழும். யூகானின் பயிற்சியாளர் டேன் ஹர்லி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். ஈடியைப் பெரும்பாலும் கிளிங்கனிடம் தனியாக விட்டுவிட்டு, மற்றவர்கள் வெளியே நின்ற எறிகாரர்களை நிழல் போல ஒட்டிக்கொண்டார்கள்.

ஈடி 25 எறிந்து 15 போட்டார், ஃப்ரீ த்ரோ 7 சேர்த்து 37 புள்ளிகள். அன்று காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டே பார்த்த பெரியப்பா, "முப்பத்தேழு எடுக்குறவன விட்டுட்டு எதுக்குடா மத்தவன காக்குறானுவ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். ஆட்டம் முடிந்தபோது 75-க்கு 60 என்று யூகான் வென்று, தொடர்ந்து இரண்டாம் முறையாகக் கோப்பையைத் தூக்கியது. ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 20 மூன்று புள்ளி எறிதல்களுக்கு முயல்கிற பர்டியூ, அன்று முயன்றது மொத்தம் 7.

இதுதான் நான் சொன்ன 7. அவற்றில் ஒன்றே ஒன்று விழுந்தது, ஆனால் அந்த ஒன்றைப் பற்றி எனக்கு அக்கறையில்லை. அதில் கச்சானுக்கும் பங்கிருக்கலாம். எறியவே விடாமல் செய்த பதின்மூன்று எறிதல்களில் கச்சானுக்குப் பங்கே இல்லை. அவை ஓலையின் கணக்கு.

[திரையில்: திறந்தவெளி சிமெண்ட் தரை. கூடையின் வலை ஒரு பக்கமாகப் பறக்கிறது.]

எங்கள் கரையோரக் கல்லூரி ஒன்று சென்ற ஆவணியில் திறந்தவெளியில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்ததையும், தடுப்பாட்டம் அபாரம் என்று நீங்கள் பலர் எனக்கு எழுதியதையும் மறக்கவில்லை. கைபேசியில் பிடித்த அந்த ஆட்டத்தை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். முதல் பாதியில் எதிரணி காற்றை எதிர்த்து எறிந்தது. இடைவேளைக்குப் பின் கூடை மாறியதும் காற்று அவர்களுக்குப் பின்னால் வந்தது. முதல் பாதியில் கோட்டுக்கு வெளியே தனியாக நின்று நிதானமாக எறிந்தும் பந்து வளைந்து வெளியே போயிற்று. இரண்டாம் பாதியில் அதே இடம், அதே ஆள், அதே தனிமை; பந்து உள்ளே விழுந்தது. இரண்டு பாதியிலும் அவருக்கு இரண்டடி தூரத்துக்குள் நம் ஆள் ஒருவரும் இல்லை.

இந்த ஆவணியிலும் அதே தரையில் ஆட்டம் இருக்கிறது. போகிறவர்கள் புள்ளியை எழுத வேண்டாம், அதைப் புள்ளிப் பலகையிலேயே எழுதிவிடுவார்கள். எதிரணி ஆள் கோட்டுக்கு வெளியே பந்தைப் பிடித்து, எறிய நினைத்து, எறியாமல் கீழே தட்டிக்கொண்டு உள்ளே போன ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போடுங்கள். முதல் பாதிக்குத் தனித் தாள், இரண்டாம் பாதிக்குத் தனித் தாள். தாளைப் படமெடுத்து அனுப்புங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதையும் மூலையில் குறித்துவிடுங்கள்.