கச்சான் சுருளில் ஓர் அடையாள அட்டை இலக்கம்

தலைமை தாங்கும் ஓய்வுநிலை அதிபர் அவர்களே, பணிகளுக்கு நடுவே வந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, கிராம உத்தியோகத்தர்களே, முன்வரிசைக் கதிரைகளை யாருக்காகவோ விட்டுவைத்துப் பின்னால் அமர்ந்திருக்கும் பெருமக்களே, வணக்கம். மண்டபம் தந்த ஆலய பரிபாலன சபையினருக்கு இப்போதே நன்றி கூறிவிடுகிறேன். மறந்தால் அடுத்த கூட்டத்துக்கு மண்டபம் கிடையாது.

“பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே” என்று நம் முன்னோர் நாவுக்கு இட்ட காவலை அலுவலகக் கோப்புக்கும் இட வந்ததே 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். தனியார் நிறுவனங்களோடு அரச அலுவலகங்களையும் கட்டுப்படுத்தும் அச்சட்டம், நோக்கத்துக்கு வேண்டியதற்கு மேல் கேட்கவும் தேவை முடிந்தபின் வைத்திருக்கவும் கூடாதென்கிறது. மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கலாம். 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரவிருந்த அதன் பிரதான பகுதிகள் பிற்போடப்பட்டது வேறு கதை. கோப்பு, கணினி, தகவலறியும் உரிமை என மூன்றைப் பற்றியும் பேசுவதாக அழைப்பிதழில் உள்ளது.

கோப்பிலிருந்து தொடங்குகிறேன். ஒரு மாலை மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தருகே கச்சான் கடலை வாங்கித் தின்று முடித்துச் சுருளைப் பிரித்தால், அது ஒரு சகோதரியின் உதவிக் கொடுப்பனவு விண்ணப்பம். பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எண், கணவர் பிரிந்து சென்ற ஆண்டு, அந்தச் சகோதரியின் நோய் என எல்லாம் அதில் இருந்தன, உப்புத் தூளோடு. கச்சான்காரரைக் கேட்டால், பழைய தாள்களைக் கிலோக் கணக்கில் வாங்கியதாகச் சொன்னார். மறுநாள் அதை உரிய அலுவலகத்தில் ஒப்படைக்கச் சென்றேன். எழுதுநர் தம்பி பதறினார், வருந்தினார், பின்னர் பதிவேட்டைத் திறந்து, “ஐயா, ஒப்படைப்பவரின் அடையாள அட்டைப் போட்டோ கொப்பி ஒன்று வேண்டும்” என்றார். கொடுத்தேன். அது இப்போது எந்தப் பாலத்தடியில் கச்சான் சுமக்கிறதோ!

அந்தத் தம்பியை நான் குறை சொல்லமாட்டேன், சுற்றறிக்கைப்படி நடந்திருப்பார். கண்ணால் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் போதுமான இடத்திலும் பிரதியைக் கோப்பில் தைத்து வைக்கும் வழக்கத்தோடுதான் என் சண்டை. பக்கம் பார்த்துப் பேசச் சொன்ன ஊரில், பக்கம் பக்கமாகப் பிரதி எடுத்துக் கொடுக்கிறோம். மாவட்டத்தின் ஒவ்வொரு பிரதேச செயலகமும் இவ்வழக்கத்தைத் தானாகவே கைவிடலாம். சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கணினியைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் மணியைத் தொடுகிறார். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தோடு இந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் முட்டுமா என்போருக்கு ஒரு சொல்: தனிப்பட்ட தகவலுக்குத் தகவலறியும் உரிமைச் சட்டத்திலேயே விலக்குண்டு, பொதுநலன் மேலோங்கினால் அந்த விலக்கும் தளரும்.

பிரதி கேட்கும் வழக்கத்தை நிறுத்தக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயரும் ஒப்பமும் போதும்; அடையாள அட்டை இலக்கம் எழுத வேண்டாம்.