க்ரீமைத் திறக்கும் முன் இடத்தைப் பாருங்கள்

வணக்கம். குழந்தை உடம்பில் சிவப்பாக எதையாவது பார்த்தவுடன் நம் கை க்ரீமைத்தான் தேடும். கொஞ்சம் பொறுங்கள். தடிப்பு எங்கே வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இந்தப் பொம்மையில் காட்டுகிறேன். டயப்பர் உரசும் மேடான இடங்கள் மட்டும் சிவந்து, இதோ இந்தத் தொடை இடுக்கு மடிப்பு நன்றாக இருந்தால், பெரும்பாலும் ஈரமும் உரசலும்தான் காரணம். அடிக்கடி மாற்றி, துடைத்து, காற்றாட விட்டு, ஜிங்க் ஆக்சைடு க்ரீமைத் தடிமனாகப் பூசுங்கள். அடுத்த முறை அதை முழுக்கச் சுரண்டி எடுக்காதீர்கள். அழுக்கான மேல்பூச்சை மட்டும் துடைத்துவிட்டு, மேலேயே பூசலாம். மடிப்புக்குள்ளேயே சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் சிதறியிருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமை மட்டும் போடாதீர்கள். சிவப்பு அடங்கியது மாதிரி தெரியும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டிருக்கும்.

கழுத்து, முதுகில் பொடிப்பொடியாக வருவது வேர்க்குரு. வியர்வை வெளியேறும் வழி அடைத்துக்கொள்வதால் வருவது, அதன்மேல் எண்ணெயோ கெட்டியான க்ரீமோ தடவினால் அடைப்பு கூடத்தான் செய்யும். துணியைக் குறைத்து உடம்பைக் குளிர்ச்சியாக வைத்தால் போதும். பவுடர் வேண்டாம், அந்தத் தூள் குழந்தையின் மூச்சோடு உள்ளே போகும்.

கன்னத்திலும், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு முழங்கை, முழங்கால் மடிப்பிலும் வறண்டு அரித்தால் கரப்பான், அதாவது எக்ஸிமா என்கிற தோல் நோயாக இருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளிக்க வைத்து, ஒற்றித் துடைத்து, ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். வாசனை இல்லாததாக வாங்குங்கள். பாட்டிலில் சிரிக்கும் குழந்தை படம் போட்டிருப்பதெல்லாம் ஒரு தகுதியா, சொல்லுங்கள்?

இரவில் அரிப்பு கூடி, விரல் இடுக்கிலும் தெரிந்தால் சிரங்குப்பூச்சியைச் சந்தேகியுங்கள். அது உறுதியானால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் இது ரொம்ப முக்கியம். காய்ச்சலோடு புள்ளிகள் வந்தால், கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டைப் புள்ளிகள்மேல் இப்படி அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு பெரும்பாலும் அழுத்தும்போது மங்கும். மங்காமல் அப்படியே தெரிந்தால் ரத்தத்தில் கடுமையான தொற்று இருக்கலாம். மாநிறம், கறுப்பு நிறக் குழந்தைகளுக்குச் சிவப்பு எளிதில் தெரியாது; உள்ளங்கை, உள்ளங்காலில் பாருங்கள். மங்கவில்லையா, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். புள்ளி மங்கினாலும் குழந்தை துவண்டு கிடந்தால் அப்போதும் போக வேண்டியதுதான்.