காரைத் தாழ்த்தும் முன் ஷாக்கில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். குன்னூரில் இருபது வருடங்களுக்கும் மேலாகக் கார் சஸ்பென்ஷன் வேலை பார்த்து வருகிறேன். மாதத்துக்கு நாலைந்து பேராவது பட்டறைக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அண்ணா, வண்டியைக் கொஞ்சம் இறக்கணும். லோயரிங் ஸ்ப்ரிங் போடலாமா, காயிலோவர் போடலாமா?" வாரம் முழுக்கக் கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் வேலைக்கு ஓட்டும் அதே காரை, வருடத்தில் இரண்டு மூன்று நாள் கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுபோகிறவர்கள் இவர்கள். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய எஸ். கரிவரதன் பெயரில் அமைந்த தடம் அது. சுற்று சுமார் 2.1 கிலோமீட்டர். அங்கே தரை சமம். நம் மலையில் அப்படி இல்லை. சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் இரண்டும் என்னவென்று சொல்லிவிடுகிறேன். லோயரிங் ஸ்ப்ரிங் என்பது கம்பெனி ஸ்ப்ரிங்குக்குப் பதிலாகப் போடும், கொஞ்சம் குட்டையான, கொஞ்சம் கடினமான ஸ்ப்ரிங். ஸ்ப்ரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் பழையதே இருக்கும். காயிலோவரில் ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் சேர்ந்தே வரும். ஷாக்கின் உடம்பில் மரை வெட்டியிருக்கும். வளையத்தைத் திருகி உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

எல்லோரும் பார்ப்பது டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை. நான் பார்க்கச் சொல்வது ஷாக்கின் உடம்புக்குள் போய்வரும் தண்டை. கார் சும்மா நிற்கும்போது, அந்தத் தண்டு இன்னும் எவ்வளவு தூரம் உள்ளே போக இடம் இருக்கிறது? அந்த இடம் தீர்ந்தால் பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர் முட்டில் போய் இடிக்கும். காரின் நடத்தையைத் தீர்மானிப்பது அந்த மிச்ச இடம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் காரில் வேறாக இருக்கும். கம்பெனி ஸ்ப்ரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2.5 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டு வரை 60 மில்லிமீட்டர் இடம். ஆக, 150 கிலோ கூடுதல் பாரம் ஏறிய பிறகுதான் முட்டில் இடிக்கும். இப்போது 35 மில்லிமீட்டர் இறக்கும், 30 சதவீதம் கடினமான ஸ்ப்ரிங்கைப் போடுகிறோம். மிச்ச இடம் 25 மில்லிமீட்டர். ஸ்ப்ரிங் மில்லிமீட்டருக்கு 3.25 கிலோ. பெருக்கிப் பாருங்கள், 81 கிலோதான் வருகிறது. ஸ்ப்ரிங் கடினமாகியும், முட்டில் இடிக்கப் பழைய பாரத்தில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம் இருந்தாலே போதும் என்றாகிவிட்டது. நல்ல காயிலோவரில் உடம்பையே குட்டையாக்கி இடத்தை ஓரளவு மீட்டிருப்பார்கள். 30 மில்லிமீட்டர் இடமும் 5 கிலோ ஸ்ப்ரிங்கும் இருந்தால் மறுபடியும் அதே 150 கிலோ வந்துவிடுகிறது.

இது எனக்குப் புத்தகத்தில் வந்த பாடம் இல்லை. பட்டறை ஆரம்பித்த புதிதில் என் சொந்த ஸ்விஃப்டுக்கு 40 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்ப்ரிங் வாங்கிப் போட்டேன். ஷாக் ஏற்கெனவே எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. "அதுவே போதும்" என்றார் விற்றவர். நானும் நம்பினேன். ஒரு மழை மாலையில் பர்லியாரைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தேன். இடது வளைவு. குழாய் பதிக்கத் தோண்டி மூடிய ஒரு மேடு, சரியாக வளைவின் நடுவில். ஏற்கெனவே பாரம் முழுக்க வலது முன்சக்கரத்தில். அந்த மேட்டில் ஏறியதும் 'டக்' என்று ஒரு சத்தம், ஸ்டீயரிங் லேசாகிவிட்டது. முட்டில் இடித்த நொடியில் ஸ்ப்ரிங் இல்லாத கட்டை வண்டி ஆகிவிடும். டயர் தரையைப் பிடிக்காமல் துள்ளும். கார் எதிர்த்தடத்துக்குப் போனது. எதிரே பஸ். அந்த டிரைவர் சுதாரித்து ஓரம் கட்டியதால் இன்று உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். மறுநாளே அந்த ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிட்டேன்.

கொண்டை ஊசி வளைவில் இன்னொரு தொல்லை உண்டு. குன்னூர் மலைப்பாதையாகட்டும், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டியாகட்டும், வளைவின் உள்பக்கம் சாலை செங்குத்தாக ஏறும். கார் கோணலாக முறுக்கிக்கொள்ளும்போது ஒரு சக்கரம் கிட்டத்தட்ட அந்தரத்தில் தொங்கும். ஸ்ப்ரிங் அளவுக்கு மீறிக் குட்டையாக இருந்தால், அந்த நேரத்தில் அது உட்காரும் கிண்ணத்தை விட்டுக் கழன்று ஆடும். சக்கரம் தரைக்கு வரும்போது சரியான இடத்தில் உட்காராமலும் போகலாம். கம்பெனி ஸ்ப்ரிங்கையே அறுத்துக் குட்டையாக்கும் வேலையை நான் செய்வதே இல்லை. கெஞ்சினாலும் செய்ய மாட்டேன். தரமான காயிலோவரில் இதற்காகவே மெயின் ஸ்ப்ரிங்கோடு ஹெல்பர் என்ற மெல்லிய சின்ன ஸ்ப்ரிங் ஒன்றை வைத்திருப்பார்கள்.

அதிகம் இறக்கினால் அதிகம் சாயாது என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சின்னக் கார்களுக்கு முன்னால், ஷாக்கே சக்கரத்தை மேலிருந்து பிடித்திருக்கும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்புதான். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம், சக்கரத்தை நோக்கிக் கொஞ்சம் கீழே சரிந்திருக்கும். காரை இறக்க இறக்க அது படுத்து, அப்புறம் மேல்நோக்கித் திரும்பிவிடும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி, கார் இறங்கியதைவிட அதிகமாகக் கீழே போய்விடுகிறது. நெம்புகோல் நீண்ட மாதிரிதான். அதே ஸ்ப்ரிங்கில் கார் முன்னைவிட அதிகம் சாயும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் கெட்டு, மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். அதனால் 20, 25 மில்லிமீட்டருக்கு மேல் மலைக் காரை இறக்க வேண்டாம் என்பது என் கருத்து.

சரி, யாருக்கு எது? வருடத்தில் இரண்டு நாள் டிராக், மற்ற நாளெல்லாம் நம் சாலை என்றால், 20 மில்லிமீட்டர் இறக்கும் நல்ல ஸ்ப்ரிங்கும் அதற்குப் பொருத்தமான புது ஷாக்கும் போதும். ஸ்ப்ரிங்கின் கடினம் இரண்டு மடங்கானால் ஷாக்கின் தடுப்பு சுமார் 1.4 மடங்கு வேண்டும். 25 சதவீதம் கூடினால் 12 சதவீதம் போல வேண்டும். புது ஷாக் அதைச் சமாளித்துவிடும். தேய்ந்த ஷாக்கால் முடியாது. இருக்கிற பணத்தில் ஒன்றுதான் முடியும் என்றால், ஷாக்கை மாற்றிவிட்டு ஸ்ப்ரிங்கைத் தள்ளிப்போடுங்கள். அதற்கும் முன்னால் டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில். டாட் 4 வகை பிரேக் ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் இழுத்துவிட்டால் 155 வரை இறங்கலாம். நம் ஊர் ஈரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

அடிக்கடி டிராக்குக்குப் போகிறவர், நாலு சக்கரத்தின் பாரத்தையும் தனித்தனியாக எடை போட்டுச் சரிசெய்ய விரும்புகிறவர் காயிலோவர் வாங்கலாம். ஆனால் அதற்கு வேலை செய்ய மனம் வேண்டும். பனியும் மழையும் மரையைப் பிடித்து இறுக்கிவிடும். மாதம் ஒருமுறை பிரஷ் போட்டுக் கழுவி எண்ணெய் விட வேண்டும். வாங்கும்போது, உயரத்தை அடிப்பக்கத்தில் தனியாக மாற்றும் வகையா என்று கேளுங்கள். ஸ்ப்ரிங் உட்காரும் வளையத்தை மட்டும் இறக்கும் வகையில், உயரம் குறையக் குறைய தண்டின் மிச்ச இடமும் குறையும். அப்புறம், மேலே இருக்கும் நாப் பெரும்பாலும் ரீபவுண்டைத்தான், அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப நீளும் வேகத்தைத்தான், அதிகம் மாற்றும். முழுக்க இறுக்கினால் 'ரேஸ் கார்' போலத் தோன்றும். ஆனால் வரிசையாக வேகத்தடை வரும்போது சக்கரம் ஒன்றைத் தாண்டி நீள்வதற்குள் அடுத்தது வந்துவிடும். கார் படிப்படியாக அமுங்கி முட்டில் உட்கார்ந்துவிடும்.

காரின் பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக எதையும் மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. வேலையைத் தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதையும் வாங்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வயர் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்றை எடுங்கள். டஸ்ட் கவரைத் தூக்கி, ஷாக்கின் பளபளப்பான தண்டில் சுற்றி இறுக்கி, உடம்பை ஒட்டிக் கீழே தள்ளிவிடுங்கள். வால் நீண்டிருந்தால் வெட்டிவிடுங்கள். வழக்கமாகப் போகும் பாதையில், வழக்கமான ஆட்களோடு ஒருமுறை போய்வாருங்கள். தண்டு உள்ளே போன தூரம் வரை டை மேலே நகர்ந்திருக்கும். அதற்கும் முட்டுக்கும் நடுவில் ஸ்கேல் வைத்து அளந்தால், இந்தப் பாதையில் உங்களுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று தெரிந்துவிடும். போன வருடம் கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு தம்பி 40 மில்லிமீட்டர் இறக்கியே ஆக வேண்டும் என்று நின்றார். டை கட்டி அனுப்பினேன். மறுநாள் வந்து கையில் ஸ்கேலோடு காரின் அடியில் படுத்தார். கம்பெனி உயரத்திலேயே மிச்சம் 14 மில்லிமீட்டர்தான் இருந்தது.

அவருக்கு 20 மில்லிமீட்டர் ஸ்ப்ரிங்கும், அதற்கு ஏற்ற குட்டையான ஷாக்கும் போட்டோம். காரைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை இறுக்கினேன். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும். அலைன்மென்ட் பார்த்தோம். அவரும் அந்தக் காரிலேயே இரண்டு முறை கரி போய்வந்துவிட்டார். டை இன்னும் தண்டில்தான் இருக்கிறது. சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் இரண்டு பேருமாகக் குனிந்து அதைத்தான் முதலில் பார்ப்போம்.

நன்றி, வணக்கம்.